14 டன் ஹைட்ராவில் 8 டன் பிரஸ்ஸைத் தூக்கலாமா?

கேள்வி சுருக்கமாக இதுதான். அம்பத்தூர்ப் பக்கம் ஒரு சின்னப் பட்டறை. தகட்டை அழுத்தி வடிவமைக்கும் பழைய பவர் பிரஸ் ஒன்றை வெளியூரில் வாங்கியாயிற்று. எடை 8 டன் என்று விற்றவர் சொல்கிறார். லாரியிலிருந்து இறக்கி, ஷெட்டுக்குள் 30 அடி கொண்டுபோய் நிறுத்த வேண்டும். "14 டன் ஹைட்ரா இருக்கு சார், அசால்ட்டா தூக்கிடும்" என்கிறார் கிரேன்காரர். ஹைட்ரா என்பது பாரத்தைத் தூக்கியபடியே ஓடக்கூடிய கிரேன் வண்டி. நம்பலாமா, வேறு என்னென்ன பார்க்க வேண்டும்?

கலாசியாகச் சேர்ந்து ரிக்கிங் (பாரத்தைக் கட்டித் தூக்கி நகர்த்தும் வேலை) ஃபோர்மேனாக வேலையை முடித்தவன் நான். எனக்குப் பட்டதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். லாரியிலிருந்து இறக்குவதற்கு அந்த வண்டி விளிம்பில்தான் வருகிறது. அடுத்த சைஸ் வண்டி கேளுங்கள், அல்லது அவுட்ரிகர் (பக்கவாட்டில் நீட்டித் தரையில் ஊன்றும் கால்) போட்டு நிற்கிற டிரக் கிரேன் கேளுங்கள். எந்த வண்டி வந்தாலும், பிரஸ்ஸைத் தொங்கவிட்டபடி ஷெட்டுக்குள் ஓட்ட விடாதீர்கள். வாசலில் இறக்கி, உள்ளே உருட்டித்தான் கொண்டுபோக வேண்டும்.

முதலில் அந்த 14. பூமின் (பாரம் தூக்கும் நீண்ட கையின்) பக்கவாட்டில் பெரிதாகப் பெயின்ட் அடித்திருப்பார்கள். பூமை முழுக்கச் சுருக்கி, வண்டி நேராக, சமதரையில் நின்று, பாரம் முன்பக்கத்தை உரசுகிற தூரத்தில் இருந்தால் மட்டுமே அந்த எண் உண்மை. கொக்கி ஓரடி தள்ளிப் போனாலே எண் இறங்கும். முன் சக்கரத்தைத் தாங்குபுள்ளி என்று நினைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வண்டியின் எடை, முன்னால் உங்கள் பாரம். பாரம் தள்ளிப் போகப் போக, அதே வண்டியின் எடை அதைத் தாங்காமல் போகும். அதனால் ரிக்கர் யாரும் "எத்தனை டன் கிரேன்?" என்று நிறுத்த மாட்டார். "எத்தனை மீட்டர்ல எத்தனை டன்?" என்றுதான் கேட்பார். பதில் இருக்கும் இடம் கேபினுக்குள் ஒட்டியிருக்கும் லோடு சார்ட். பல வண்டிகளில் அது வெயிலில் வெளுத்துப்போயிருக்கும், அல்லது சாமி படத்துக்குப் பின்னால் மறைந்திருக்கும். கேட்டால் ஆபரேட்டர், "நமக்கு அனுபவம் இருக்கு சார்" என்பார். அனுபவத்தை மதியுங்கள், சார்ட்டையும் காட்டச் சொல்லுங்கள்.

உங்கள் பிரஸ்ஸுக்கே ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1.5 மீட்டரில் 14 டன் தூக்கும் வண்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். பெருக்கினால் 21. அதை 8-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 2.6 மீட்டர். அதாவது 8 டன்னோடு 2.6 மீட்டருக்கு மேல் போனால் வண்டியின் அளவைத் தாண்டிவிட்டீர்கள், பின் சக்கரம் தூக்கும் ஆபத்து வந்துவிடும். உண்மைச் சார்ட் இதைவிடக் குறைவாகத்தான் காட்டும், ஏனென்றால் பூமை நீட்டினால் பூமின் எடையும் முன்னால் போகிறது. இனி, ஒழுங்காக வேலை செய்கிற இடங்களில் சார்ட்டில் உள்ளதில் முக்கால் பங்குக்கு மேல் சாதாரணமாகப் போக மாட்டார்கள். அந்த முறையில் பார்த்தால் 8 டன்னுக்கு 10.7 டன் தூக்கும் தூரத்தில் நிற்க வேண்டும். அது சுமார் 1.97 மீட்டர்.

லாரியின் அகலம் 2.4 மீட்டர் பக்கம். பிரஸ் நடுவில் இருந்தால் லாரியின் ஓரத்திலிருந்து பிரஸ்ஸின் நடுவுக்கு 1.2 மீட்டர். லாரிக்கும் கிரேனுக்கும் இடையே ஓரடியாவது வேண்டும். பம்பரிலிருந்து முன் சக்கரத்துக்கு இன்னொரு அரை மீட்டர். கூட்டினால் 2 மீட்டர் வந்துவிடுகிறது. இதைத்தான் விளிம்பு என்றேன். தூரத்தை எங்கிருந்து அளக்கிறார்கள் என்பதையும் சார்ட்டிலேயே படியுங்கள். சுழலும் கிரேன்களில் சுழலும் மையத்திலிருந்து அளப்பார்கள். ஹைட்ரா வகையில் முன்பக்கத்திலிருந்து. அது சக்கரமா பம்பரா என்று சார்ட் சொல்லும். இன்னொன்று: பாரம் ஏறியதும் பூம் வளையும், டயர் அமுங்கும், கொக்கி தானாகவே வெளியே நகரும். நீங்கள் டேப் வைத்து அளந்த 2 மீட்டர், தூக்கியபின் 2 மீட்டராக இருக்காது.

இத்தனை கணக்கும் 8 டன் என்ற ஒரு சொல்லின் மேல் நிற்கிறது. அதைச் சொன்னவர் விற்றவர். அவருக்கு அது எப்படித் தெரியும்? இங்கேதான் உங்களுக்கு மிக மலிவான ஒரு வழி இருக்கிறது: எடைமேடை. ஏற்றுவதற்கு முன் காலி லாரி, ஏற்றியபின் லாரி, இரண்டு சீட்டு. வித்தியாசம்தான் உங்கள் பிரஸ், அதோடு மரக்கட்டையும் சங்கிலியும். சில நூறு ரூபாய்ச் செலவு. லாரி டிரைவரிடம் கிளம்பும்போதே சொல்லிவிடுங்கள். வந்து சேர்ந்தபின் கேட்டால் காலி எடை கிடைக்காது. அந்த எடையோடு கொக்கி பிளாக் (கொக்கியும் அதன் கப்பியும்), ஸ்லிங் (பாரத்தைக் கட்டித் தூக்கும் கயிறு அல்லது பெல்ட்), ஷேக்கிள் (ஸ்லிங்கை மாட்டும் இரும்பு வளையம்) எல்லாவற்றையும் கூட்டுங்கள். கிரேனைப் பொறுத்தவரை பூம் முனைக்குக் கீழே தொங்குவது எல்லாமே பாரம்தான்.

எடை விஷயத்தில் நான் சூடு பட்டவன். ஒரு ஃபாப்ரிகேஷன் யார்டில் தொட்டி ஒன்றை டிரெய்லரில் ஏற்றினோம். டிராயிங்கில் 6 டன். என் கணக்கில் எல்லாம் சரி. ஸ்லிங் விறைத்தது, தொட்டி அசையவில்லை. ஆபரேட்டர் இன்னும் கொஞ்சம் கொடுத்தார். நான் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற கலாசிப் பையன் வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான். "அண்ணே, பின் டயரு!" என்று கத்தினான். திரும்பினால் பின் டயருக்கும் தரைக்கும் நடுவே ஒரு சாண் வெளிச்சம். ஆபரேட்டர் பதறாமல் மெல்ல இறக்கியதால் பிழைத்தோம். பதறி ஒரேயடியாக விட்டிருந்தால் அந்த உதறலில் பூமே போயிருக்கும். பிறகு பார்த்தால், தண்ணீர் ஊற்றி அழுத்தச் சோதனை செய்தவர்கள் பாதித் தண்ணீரை உள்ளேயே விட்டுவிட்டுச் சாப்பிடப் போயிருந்தார்கள். ஒரு கனமீட்டர் தண்ணீர் ஒரு டன். அடிப்பக்க வால்வைத் திறந்ததும் அரை மணி நேரம் ஓடியது. அன்றிலிருந்து வெற்றுத்தொட்டி என்று யார் சொன்னாலும் தட்டிப் பார்க்காமல் நான் தூக்கியதில்லை. உங்கள் பிரஸ்ஸில் தண்ணீர் இருக்காது. ஆனால் எண்ணெய்த் தொட்டி, கழற்றாத டை (அச்சு), போல்ஸ்டர் பிளேட் (அச்சை மாட்டும் கனத்த தகடு) இருக்கலாம். கூடுதல் பிளேட்டின் எடையைப் போட ஒரு குறுக்குவழி: ஒரு சதுரமீட்டர் இரும்புத் தகடு, ஒரு மில்லிமீட்டர் கனத்துக்கு 7.85 கிலோ. எட்டு என்று வைத்துக்கொண்டால் மனக்கணக்கே போதும்.

அடுத்து ஸ்லிங். விபத்துகளில் பாதி கிரேனில் இல்லை, கொக்கிக்குக் கீழேதான் என்பது என் எண்ணம். இரண்டு கால் ஸ்லிங் போட்டால் ஆளுக்குப் பாதி, 4 டன் 4 டன் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். ஸ்லிங் செங்குத்தாக நின்றால்தான் அது. சாய்ந்துவிட்டால், தூக்குவதோடு ஒன்றை ஒன்று உள்பக்கம் இழுக்கிற வேலையும் சேர்கிறது. தரைக்கு 60 டிகிரியில் இருந்தால் ஒவ்வொரு காலிலும் 4.6 டன். 45 டிகிரியில் 5.7 டன். 30 டிகிரிக்குப் படுத்துவிட்டால் ஒவ்வொன்றிலும் முழு 8 டன். கொசுவலையின் கயிற்றை அறைக்குக் குறுக்கே இழுத்துக் கட்டியவர்களுக்கு இது புரியும்: எவ்வளவு நேராக விறைக்கிறோமோ அவ்வளவு ஆணி பிய்த்துக்கொண்டு வரும். கோணமானி எல்லாம் வேண்டாம். ஸ்லிங்கின் ஒரு காலின் நீளம், மாட்டும் இரண்டு இடங்களுக்கு நடுவே உள்ள தூரத்துக்குச் சமமாகவோ அதிகமாகவோ இருந்தால் 60 டிகிரிக்குக் குறையாது. ஷெட்டில் உயரம் பத்தாது என்று குட்டை ஸ்லிங் போடச் சொல்வார்கள். அப்படியானால் ஸ்ப்ரெடர் பீம் (கால்களை அகட்டிப் பிடிக்கும் குறுக்குச் சட்டம்) போட வேண்டும்.

பெல்ட் ஸ்லிங் கொண்டுவந்தால் நிறத்தைப் பாருங்கள். ஐரோப்பிய நிற முறையில் ஊதா 1 டன், பச்சை 2, மஞ்சள் 3, சாம்பல் 4, சிவப்பு 5, காப்பி நிறம் 6, நீலம் 8. நேராகத் தூக்கும்போது உள்ள அளவு இது. சுருக்குப் போட்டு இறுக்கினால் 80 சதவீதமாகக் குறையும். நிறத்தை மட்டும் நம்பிவிடாதீர்கள், தைத்திருக்கும் சீட்டைப் படியுங்கள். சீட்டு கிழிந்த பெல்ட்டும், ஓரம் வெட்டுப்பட்ட பெல்ட்டும் லாரியில் தார்ப்பாய் கட்டத்தான் ஆகும். பிரஸ் போன்ற வார்ப்பு மிஷினில் ஓரங்கள் கத்தி மாதிரி இருக்கும். பெல்ட் அறுந்து விழுவது பெரும்பாலும் எடையால் நடப்பதில்லை. ஓரத்தில் உரசி நடக்கிறது. ஓரத்துக்கெல்லாம் பழைய டயர்த் துண்டோ பாதியாகப் பிளந்த பைப்போ வையுங்கள். கோணிச்சாக்கு வைப்பது கண்துடைப்பு.

ஒயர் ரோப் ஸ்லிங் என்றால் கையுறை போட்டுக்கொண்டு துணியால் தடவிப் பாருங்கள். அறுந்த கம்பி துணியைப் பிடிக்கும். ஒரு முறுக்கு நீளத்துக்குள் (ஒரு புரி ரோப்பை ஒரு சுற்றுச் சுற்றி வரும் தூரம்) 10 கம்பிகள், அல்லது ஒரே புரியில் 5 கம்பிகள் அறுந்திருந்தால் ஒதுக்கிவிட வேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் அமெரிக்க விதி. நசுங்கல், கூண்டு மாதிரி பிரிந்த இடம், மடிந்த சுருள் கண்ணில் பட்டால் எண்ணவே வேண்டாம், தூக்கி ஓரம் போடுங்கள். ஸ்லிங்கின் மேல் எழுதியிருக்கும் அளவு, அது அறுந்துபோகும் விசையில் ஐந்தில் ஒரு பங்கு. "அஞ்சு மடங்கு தாங்கும் சார்" என்று அந்த இருப்பைக் கடன் வாங்குகிறவர்கள் உண்டு. திடீர் உதறலுக்கும் தேய்மானத்துக்கும் கண்ணுக்குத் தெரியாத பழுதுக்கும் ஒதுக்கி வைத்த இருப்பு அது.

பிரஸ்ஸை எங்கே மாட்டுவது? பல பிரஸ்களில் மேல் பக்கச் சட்டத்தில் அதற்கென்றே ஓட்டை இருக்கும். உருட்டுக் கம்பியோ ஷேக்கிளோ போட்டுத் தூக்கலாம். கிராங்க் ஷாஃப்டிலோ ஃபிளைவீலிலோ சுற்றாதீர்கள். ஐ போல்ட் (தலையில் வளையமுள்ள போல்ட்) இருந்தால், வளையத்துக்குக் கீழே தோள் வைத்ததா என்று பாருங்கள். நேராக மேலே இழுத்தால் அது தாங்கும். 45 டிகிரி சாய்த்து இழுத்தால், தோள் வைத்ததே ஆனாலும், தாங்கும் அளவு மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். தோள் இல்லாததைச் சாய்த்து இழுக்கவே கூடாது. தூக்கும் முன் ராமை (மேலும் கீழும் போய் அழுத்தும் பாகத்தை) இறக்கி ஒரு மரக்கட்டைமேல் உட்கார வைத்துக் கட்டிவிடுங்கள். பிரஸ்ஸின் எடை நடுவில் இல்லை, மேல் பாதியில் இருக்கிறது. ஃபிளைவீல் இருக்கும் பக்கம் இன்னும் கனம். கொக்கி பிரஸ்ஸின் நடுவுக்கு நேராக இருந்தால் போதாது, கனத்தின் நடுவுக்கு நேராக இருக்க வேண்டும். அதைக் கண்ணால் முடிவு செய்ய முடியாது, தூக்கிப் பார்த்துத்தான் தெரியும். அதனால்தான் சோதனைத் தூக்கல்.

சோதனைத் தூக்கல் என்பது ஸ்லிங் விறைத்ததும் நிறுத்தி, எல்லாக் கண்ணியும் ஒழுங்காக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்து, கையை எடுத்துவிட்டு, நாலு விரல் உயரம் மட்டும் தூக்கி மறுபடி நிறுத்துவது. சாய்கிறதா? இறக்கு, ஸ்லிங்கை மாற்று, மறுபடி தூக்கு. மூன்று தடவை ஆனாலும் பரவாயில்லை. அந்த நேரத்தில் சுற்றிலும் யாரும் நிற்கக் கூடாது. 2020 ஆகஸ்ட் 1-ஆம் தேதி விசாகப்பட்டினம் கப்பல் கட்டும் தளத்தில் ஒரு பெரிய கிரேன் சரிந்து 11 பேர் இறந்தார்கள். அது வேலைக்குப் போகும் முன் நடந்த சோதனை ஓட்டத்தின்போதே சரிந்தது. சோதனை என்றால் விழக்கூடும் என்று பொருள். கூட்டம் கூடிப் பார்க்கிற காட்சியில்லை. நம் ஊரில் கிரேன் வந்தாலே தெருவே கூடிவிடும், டீக்கடைக்காரர் முதற்கொண்டு யோசனை சொல்வார். கயிறு கட்டி ஆட்களைத் தள்ளி நிறுத்துங்கள். பூமின் உயரம் எவ்வளவோ அவ்வளவு தூரம் காலியாக இருக்கட்டும்.

தரைக்கு வருகிறேன். ஹைட்ராவின் சொந்த எடை 11, 12 டன். உங்கள் பிரஸ் 8. சேர்த்து 20. முழுப் பாரத்தில் நிற்கும்போது அந்த 20 டன்னில் பெரும்பகுதி முன் சக்கரம் இரண்டிலும்தான் உட்காரும். சக்கரத்துக்கு 8, 9 டன். பட்டறை வாசலில் என்ன இருக்கிறது? மாநகராட்சி போட்ட மழைநீர் வடிகால், அதன் மேல் ஒரு சிமென்ட் மூடி. அல்லது செப்டிக் டேங்க். அல்லது போன மாதம் கேபிளுக்குத் தோண்டி மூடிய பள்ளம். கிரேன் வருவதற்கு முதல் நாள் நடந்து பார்த்து, சுண்ணாம்பில் கோடு போட்டு, "இதுக்கு மேல வண்டி ஏறக்கூடாது" என்று குறித்துவிடுங்கள். மழை பெய்த மறுநாள் மண் தரையில் வேலை வேண்டாம்.

அவுட்ரிகர் கிரேன் வந்தால் கணக்கு வேறு. கிரேனும் பாரமும் சேர்ந்து 50 டன் என்று வையுங்கள். பூம் ஒரு மூலைக்கு நேராகத் திரும்பும்போது அதில் முக்கால் பங்கு, 37 டன் வரை, அந்த ஒற்றைக் காலில் இறங்கும். அரை மீட்டருக்கு அரை மீட்டர் பாதம் என்றால் சதுரமீட்டருக்கு 150 டன் அழுத்தம். நல்ல கெட்டி மண்கூடத் தாங்காது. ஒன்றரை மீட்டருக்கு ஒன்றரை மீட்டர் கனமான மேட் அல்லது நெருக்கி அடுக்கிய ஸ்லீப்பர்க் கட்டை போட்டால் அதே பாரம் 17 டன்னுக்கு வந்துவிடும். கட்டையின் நடுவில் பாதம் உட்கார வேண்டும். நாலு காலையும் முழுசாக நீட்டச் சொல்லுங்கள். "இந்தப் பக்கம் இடமில்லை, பாதி நீட்டிக்கிறேன்" என்றால் அதற்குத் தனிச் சார்ட் உண்டு. அது இல்லாவிட்டால் தூக்கக் கூடாது.

இங்கே ஒரு வயிற்றெரிச்சலையும் சொல்லிவிடுகிறேன். தலைவர் வந்தால் கிரேனில் ராட்சத மாலை, திருவிழா வந்தால் கிரேனில் ஆள். 2023 ஜனவரி 22 அன்று ராணிப்பேட்டை மாவட்டம் கீழ்வீதியில் கோயில் விழாவின்போது ஆட்களைத் தாங்கிச் சென்ற கிரேன் கவிழ்ந்து 4 பேர் இறந்தார்கள். சரக்குத் தூக்கும் கொக்கியில் ஆளைத் தொங்கவிடுவது எந்தச் சார்ட்டிலும் கிடையாது. உங்கள் பட்டறையிலும் ஸ்லிங்கைக் கழற்ற யாராவது பாரத்தின் மேல் ஏறிக்கொண்டு "அப்படியே தூக்குப்பா" என்பார்கள். ஏணி வையுங்கள்.

தலைக்கு மேலே பாருங்கள். அம்பத்தூர்த் தெருக்களில் 11 கே.வி. கம்பி எங்கே போகிறது என்று சொல்ல வேண்டியதில்லை. 50 கே.வி. வரை பூம், ரோப், பாரம் எதுவும் 3 மீட்டருக்குள் நெருங்கக் கூடாது என்பது பல நாடுகளில் பின்பற்றும் அளவு. என்னைக் கேட்டால் கம்பி அந்த வட்டாரத்தில் இருந்தாலே இ.பி.யில் எழுதிக் கொடுத்து லைனை நிறுத்தச் சொல்லிவிடுவேன். ஒருவேளை பட்டுவிட்டால் ஆபரேட்டர் கேபினிலேயே இருக்க வேண்டும், கீழே இருப்பவர்கள் வண்டியைத் தொடாமல் விலகி ஓட வேண்டும். வண்டி தீப்பிடித்து இறங்கியே ஆக வேண்டும் என்றால், வண்டியையும் தரையையும் ஒரே நேரத்தில் தொடாமல், இரண்டு காலும் சேர்ந்தபடி குதித்து, காலைத் தூக்காமல் தேய்த்துத் தேய்த்து விலக வேண்டும். அகலமாக அடி வைத்தால் இரண்டு காலுக்கும் நடுவே மின்சாரம் பாயும்.

காற்று உங்கள் வேலையில் பெரிய விஷயமில்லை; பிரஸ் குறுகலானது, கனமானது. ஆனால் அதே கிரேனில் கூரைத் தகடும் ஏற்றச் சொல்வீர்கள் என்றால், ஆடிக்காற்றில் வேண்டாம். காற்றின் வேகம் இரட்டித்தால் தள்ளுவிசை நாலு மடங்கு. 1999-இல் அமெரிக்காவின் மில்வாக்கியில் விளையாட்டரங்கம் ஒன்றின் கூரைப் பகுதியைத் தூக்கிய பிரம்மாண்ட கிரேன் விழுந்து 3 தொழிலாளர்கள் இறந்தார்கள். பாரத்தின் எடைக்குக் கணக்குப் போட்டவர்கள், அகன்ற கூரையின் மேல் காற்று தள்ளுவதைச் சேர்க்கவில்லை.

வண்டி வந்ததும் நீங்களே பார்க்கக்கூடிய இரண்டு மூன்று இருக்கிறது. கொக்கியின் வாயில் பூட்டு நாக்கு இருக்கிறதா? பூம் முனையில் சங்கிலியில் ஒரு குண்டு தொங்கும். கொக்கி பிளாக் மேலே வந்து அதைத் தூக்கினால் வண்டி தானாக நிற்க வேண்டும். அந்தக் குண்டைக் கட்டுக்கம்பியால் மேலே இழுத்துக் கட்டிவைத்திருப்பார்கள், "அடிக்கடி கட் ஆகுது சார்" என்று. அப்படி இருந்தால் வண்டியைத் திருப்பி அனுப்புங்கள், நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ரோப்பை விடாமல் பூமை மட்டும் நீட்டினாலே கொக்கி மேலே போய் முட்டும். முட்டினால் ரோப் அறுந்து மொத்தமும் கீழே. காகிதம் கேளுங்கள்: 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் 29-ஆம் பிரிவு, தூக்கும் இயந்திரத்தையும் சங்கிலி, கயிறு, ஷேக்கிளையும் 12 மாதத்துக்கு ஒரு முறையாவது தகுதி பெற்ற ஆய்வாளர் முழுமையாகப் பார்க்க வேண்டும் என்று சொல்லியது, அந்தப் பழக்கம் இன்றும் எல்லா நல்ல சைட்டிலும் கேட்கப்படுகிறது. சான்றிதழில் உள்ள எண்ணும் ஸ்லிங்கில் பொறித்த எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். பெரும்பாலும் இருக்காது.

சிக்னல் ஒருவர்தான். முதலாளி, மேஸ்திரி, லாரி டிரைவர் எல்லோரும் கை காட்டினால் ஆபரேட்டர் யாரைப் பார்ப்பார்? நிறுத்து என்பதை மட்டும் யார் காட்டினாலும் நிறுத்த வேண்டும். துறைமுகத்தில் எங்கள் பெரியவர்கள் "ஆரியா" என்றால் இறக்கு, "ஹாபிஸ்" என்றால் தூக்கு. லஸ்கர் (அந்தக் காலக் கப்பல் தொழிலாளி) காலத்துச் சொல், இன்னும் சில வாய்களில் இருக்கிறது. எந்தச் சொல்லானாலும் வேலைக்கு முன் பேசி வைத்துக்கொள்ளுங்கள். வாக்கிடாக்கி வைத்தால் ஒரு பழக்கம் நல்லது: இறக்கும் வரை "லோயர், லோயர், லோயர்" என்று விடாமல் சொல்ல வேண்டும். குரல் நின்றால் ஆபரேட்டரும் நிற்க வேண்டும். பேட்டரி போனாலும் பாரம் நின்றுவிடும். செல்போனில் சிக்னல் கொடுக்காதீர்கள்.

இறக்கும் முறை: பிரஸ்ஸைத் தூக்கியபின் கிரேன் நகர வேண்டாம், லாரியை நகர்த்துங்கள். லாரி மெதுவாக அடியிலிருந்து வெளியே போகட்டும். அதன்பின் பாரத்தை நேராகக் கீழே கொண்டுவாருங்கள். பாரம் சுற்றாமல் இருக்க இரண்டு பக்கமும் நீளக் கயிறு. பிடிப்பவர் கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது. பூமைப் பக்கவாட்டில் இழுக்க விடாதீர்கள். மேலிருந்து கீழ் வரும் விசைக்குப் பூம் கெட்டி. பக்கவாட்டு இழுவைக்குக் குச்சி.

ஓட்டிக்கொண்டு போகக் கூடாது என்று ஏன் சொன்னேன்? ஹைட்ரா நடுவில் மடிந்து திரும்புகிற வண்டி. மடிந்ததும் பாரம் ஒரு பக்கம் போகிறது, தாங்கும் எடை இன்னொரு பக்கம் நிற்கிறது. நேராகத் தூக்கிய பாரத்தைத் திரும்பும்போது தாங்காது. பழைய ரகத்தில் கேபின் பின்னால். முன்னால் பூம், அதன் முன்னால் பிரஸ். ஆபரேட்டருக்குத் தெரிவது பிரஸ்ஸின் முதுகுதான். ஆடாமல் பிடிக்க இரண்டு பையன்கள் பாரத்துக்கும் சக்கரத்துக்கும் நடுவே பின்நடையாக நடப்பார்கள். கால் தடுக்கினால் சக்கரத்துக்கு அடியில். இப்படிப் போன உயிர்களால்தான் பல பெரிய கட்டுமான சைட்டுகளில் பழைய ரக ஹைட்ராவை உள்ளேயே விடுவதில்லை. அதோடு உங்கள் ஷெட்டின் டிரஸ் (கூரைச் சட்டம்) உயரத்தில் பூம் நிமிர இடமிருக்காது; பூமைப் படுக்க வைத்தால் தூரம் கூடும், மறுபடி அந்த 2.6 மீட்டர்க் கணக்கு.

ஆகவே வாசலில் பிரஸ்ஸை மிஷின் ஸ்கேட் (கனமான மிஷினைத் தாங்கும் உருளைத் தள்ளுவண்டி) மேல் இறக்குங்கள். ஸ்கேட் வாடகைக்குக் கிடைக்கும். கிடைக்காவிட்டால் பிரஸ்ஸின் காலுக்கு அடியில் இரண்டு கனமான சேனலை போல்ட் போட்டுச் சறுக்குச் சட்டம் மாதிரி கட்டி, அதன் கீழே ஒரே அளவுக் கனத்த பைப் உருளைகள். சட்டம் பிரஸ்ஸைவிட அகலமாக இருக்கட்டும். தலைக்கனமான மிஷின், அடி அகலமானால்தான் நிற்கும். டிர்ஃபரோ ரேட்செட் புல்லிஃப்ட்டோ (கையால் நெம்பிப் பாரத்தை இழுக்கும் கருவிகள்) வைத்துச் சட்டத்தின் அடிப்பக்கத்தில் மாட்டி இழுங்கள். சமதரையில் உருளை மேல் இழுக்க எடையில் சில சதவீத விசையே போதும், 2 டன் புல்லிஃப்ட் தாராளம். மறுமுனையை ஷெட் தூணில் கட்டாதீர்கள். பக்கவாட்டில் இழுக்க அந்தத் தூணை யாரும் போடவில்லை. தரையில் ஆங்கர் அடியுங்கள், அல்லது பாரமேற்றிய வண்டி ஒன்றை நிறுத்திக்கொள்ளுங்கள். தரை வாட்டம் இருந்தால் பின்னாலும் ஒரு கயிறு பிடிப்பு வேண்டும். உருளையை எடுத்து முன்னால் போடும்போது விரல்கள் எப்போதும் மேல் பக்கத்தில்; பைப்பின் வாய்க்குள் விரல் விட்டுத் தூக்கி நகம் போனவர்கள் எங்கள் குழுவிலேயே மூன்று பேர். அடித்தளத்தில் உட்கார வைக்க ஜாக்கி போடும்போது ஒரு பக்கத்தை ஓர் அங்குலத்துக்கு மேல் உயர்த்தாமல், உயர்த்திய உடனே கட்டை சொருகி, மறுபக்கம் போங்கள். ஜாக்கியை நம்பி அடியில் கை விடாதீர்கள், கட்டையை நம்பி விடுங்கள்.

எடைமேடைச் சீட்டு, லாரித் தளத்தின் உயரம், ஷெட் வாசலின் உயரம், வாசலுக்கும் வடிகாலுக்கும் உள்ள தூரம், இந்த நாலும் கிடைத்ததும் எழுதுங்கள். கிரேன்காரரிடம் சார்ட்டை ஒரு போட்டோ எடுத்து வாங்கிக்கொள்ளுங்கள். வண்டி எந்த இடத்தில், எந்தத் திசை பார்த்து நிற்க வேண்டும் என்று சுண்ணாம்புக் கோடு போடுகிற அளவுக்குச் சொல்லிவிடலாம்.